மூளைக்காயத்திற்கான இழப்பீடு (இந்தியா)

மூளைக்காயத்திற்கான இழப்பீடு என்பது, பிறரது கவனக்குறைவால் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட ஒருவருக்கு, அப்பாதிப்பினால் ஏற்பட்ட பொருளிழப்பையும் பிற இழப்புகளையும் ஈடுசெய்யும் பொருட்டுச் சட்டப்படி வழங்கப்படும் தொகை ஆகும். இந்தியாவில் கடுமையான மூளைக்காயங்களுக்குச் சாலை விபத்துகளே முதன்மைக் காரணமாக இருப்பதால், இத்தகைய கோரிக்கைகள் பெரும்பாலும் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அமைந்த மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயங்களில் விசாரிக்கப்படுகின்றன.

பிற காயங்களுக்கான வழக்குகளில் இருந்து இவ்வழக்குகளை இரண்டு தன்மைகள் வேறுபடுத்துகின்றன. முதலாவது, கை அல்லது கால் இழப்பைப் போல மூளைக்காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, அதன் விளைவுகள் வாழ்நாள் முழுவதும் நீளக்கூடியவை. ஆனால் தீர்ப்பாயம் இழப்பீட்டை ஒரே ஒரு முறை மட்டுமே நிர்ணயிக்கிறது. எனவே காயத்தின் முழு அளவையும், எதிர்காலத் தேவைகளையும் அந்த ஒரு விசாரணையிலேயே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

மூளைக்காயத்தின் தன்மை

தலையில் அடிபட்டவரின் நினைவுநிலையை மதிப்பிட உலகெங்கும் கிளாஸ்கோ ஆழ்மயக்க அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. இது 1974 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவாக்கப்பட்டது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவிற்கு 6 என அதிகபட்சம் 15 புள்ளிகள் அளிக்கப்படும். மிகக் குறைந்த அளவு 3 ஆகும். பொதுவாக 13 முதல் 15 வரை இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரமான காயம், 8 அல்லது அதற்குக் கீழ் கடுமையான காயம் என வகைப்படுத்தப்படுகிறது.

மண்டையோட்டு எலும்பு முறிவு, இரத்தக்கட்டு ஆகியவை சி.டி. ஸ்கேனில் எளிதில் தெரியும். ஆனால் தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது மூளையின் நரம்பிழைகள் பரவலாக அறுபடும் வகைக் காயத்தில், தொடக்கத்தில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் இயல்பாகவே தோன்றக்கூடும். இதனைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கூடுதலாக உதவுகிறது.

மூளைக்காயத்தின் நீண்டகால விளைவுகளுள் சில பின்வருவன:

- வலிப்பு நோய். இது காயம் ஏற்பட்டுப் பல மாதங்களுக்குப் பின்னரும் தோன்றலாம்.
- ஒரு பக்க உடல் செயலிழப்பு, நடையில் தள்ளாட்டம்.
- பேச்சுக் குறைபாடு, புதிய செய்திகளை நினைவில் கொள்ள இயலாமை.
- கவனமும், திட்டமிடும் திறனும் குறைதல்.
- திடீர்ச் சினம், கூச்சமின்மை, எதிலும் ஆர்வமின்மை போன்ற ஆளுமை மாற்றங்கள். மூளையின் முன்மடல் பாதிக்கப்படும்போது இவை மிகுதியாகக் காணப்படுகின்றன.
- தமக்குக் குறை இருப்பதையே உணராத நிலை.

இறுதியாகக் குறிப்பிட்டது சட்ட நோக்கில் முக்கியமானது. இந்நிலையில் உள்ளவர் மருத்துவரிடமோ நீதிமன்றத்திலோ தாம் நலமாக இருப்பதாகவே கூறுவார். நடப்பதிலும் பேசுவதிலும் குறை தென்படாத ஒருவர், ஒரு நாள் முழுவதும் ஒரு வேலையில் நிலைத்திருக்க இயலாதவராக இருக்கலாம். இதனை அறிந்தவர் உடன் வாழும் குடும்பத்தினரும், முன்பு உடன் பணியாற்றியவர்களுமே ஆவர்.

வரலாறு

பிரித்தானிய இந்தியாவில், விபத்தில் காயமுற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தே இழப்பீடு பெற முடிந்தது. இறப்பு நேர்ந்தால் குடும்பத்தினர் வழக்குத் தொடுக்க 1855 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழி செய்தது. 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம், விபத்துக் கோரிக்கைகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி ஏற்பட்டது. தற்போது நடைமுறையில் உள்ள 1988 ஆம் ஆண்டுச் சட்டம், 1989 சூலை 1 முதல் செயலுக்கு வந்தது. இச்சட்டம் 1994 இலும் 2019 இலும் பெரிய அளவில் திருத்தப்பட்டது. 2019 திருத்தத்தின் இழப்பீடு தொடர்பான பகுதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இழப்பீடு கோரும் வழிகள்

காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதைப் பொறுத்துக் கோரும் வழி மாறுபடும்.

- சாலை விபத்து: மோட்டார் வாகனச் சட்டத்தின் 166 ஆம் பிரிவின் கீழ் மனு அளிக்கலாம். இதில் எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கவனக்குறைவை மெய்ப்பிக்காமலேயே தொகை பெற 164 ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் கொடுங்காயத்திற்கு அதில் கிடைப்பது 2.5 இலட்சம் ரூபாய் மட்டுமே. கடுமையான மூளைக்காயத்திற்கு இத்தொகை எவ்வகையிலும் போதுமானதன்று.
- மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனம்: வாகனம் அடையாளம் காணப்படாத நிலையில், 161 ஆம் பிரிவின்படி கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2022 க்கு முன் இது 12,500 ரூபாயாக இருந்தது.
- தாமே ஓட்டித் தாமே விழுதல்: தமது கவனக்குறைவால் விழுந்த ஓட்டுநர் மூன்றாம் நபர் காப்பீட்டில் கோர இயலாது. வாகன உரிமையாளரே ஓட்டியிருந்தால், காப்பீட்டுடன் சேர்த்து எடுக்கப்பட்ட தனிநபர் விபத்துக் காப்பு இருப்பின், நிரந்தர முழு ஊனத்திற்கு அதன்படி தொகை பெறலாம். 2018 இல் இதன் அளவு 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.
- பணியிட விபத்து: இது நீண்ட காலம் 1923 ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தாலும், 1948 ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தாலும் ஆளப்பட்டு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவற்றின் இடத்தைப் பெற்றுள்ளது.
- மருத்துவக் கவனக்குறைவு: 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆணையங்களில் முறையிடலாம். இதற்கான காலவரம்பு 2 ஆண்டுகள்.
- தாக்குதல்: குற்றச்செயலால் காயமுற்றவர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் நிதி பெறலாம்.

இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி சாலை விபத்துக் கோரிக்கைகளைப் பற்றியது.

கோரிக்கை மனு

மனுவை விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் ஆட்சி எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்தில் அளிக்கலாம். எனவே வெளி மாநிலத்தில் விபத்துக்குள்ளானவர் தமது சொந்த ஊரிலேயே வழக்கு நடத்த முடியும். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகள் இத்தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றனர். வாகனத்தின் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோர் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவர்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல்துறை விபத்து நடந்த 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கு அளிக்க வேண்டும். விரிவான அறிக்கையையே கோரிக்கை மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்ளலாம்.

காலவரம்பு

1988 சட்டத்தில் மனு அளிக்க 6 மாதக் காலவரம்பு இருந்தது. 1994 திருத்தம் இவ்வரம்பை நீக்கியது. 2019 திருத்தம் அதனை மீண்டும் கொண்டுவந்தது. இதன்படி விபத்து நடந்த நாளில் இருந்து 6 மாதங்களுக்குள் மனு அளிக்கப்பட வேண்டும். இப்பிரிவு அரசியலமைப்பிற்கு முரணானது என உச்சநீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. காலம் கடந்தது என்னும் காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

மூளைக்காயமுற்றவர்களுக்கு இவ்வரம்பு குறிப்பிடத்தக்க இடர்ப்பாட்டை உண்டாக்குகிறது. முதல் 6 மாதங்கள் தீவிர சிகிச்சையிலும் அறுவை சிகிச்சையிலும் கழிந்துவிடுவதுண்டு. மேலும் மூளை தேறும் அளவு அதற்குள் உறுதியாகத் தெரிவதில்லை. எனினும் மனு அளிப்பதும் ஊனத்தை மதிப்பிடுவதும் இரு வேறு கட்டங்கள். மனுவை உரிய காலத்தில் அளித்துவிட்டு, உடல்நிலை ஓரளவு நிலைபெற்ற பின்னர் ஊன மதிப்பீட்டைச் சான்றாக அளிக்க இயலும்.

பாதிக்கப்பட்டவர் சார்பில் வழக்கு நடத்துதல்

ஆழ்மயக்கத்தில் (கோமா) உள்ளவரோ, மனநிலை பாதிக்கப்பட்டவரோ தாமே வழக்குத் தொடுக்க இயலாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32 ஆவது கட்டளை, சிறுவர்களுக்கும் மனத்தளர்ச்சியால் தம் நலனைக் காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கும், அவர்கள் சார்பில் வேறொருவர் வழக்கு நடத்த வழி செய்கிறது. பொதுவாக மனைவி, கணவர் அல்லது பெற்றோர் இவ்வாறு நடத்துகின்றனர். இவ்வாறு வழக்கு நடத்துபவர் நீதிமன்றத்தின் அனுமதியின்றி எதிர்த்தரப்புடன் சமரசம் செய்துகொள்ள முடியாது.

வழக்கு நடத்தும் உரிமை வேறு, சொத்துகளை நிருவகிக்கும் உரிமை வேறு ஆகும். குடும்பத்தலைவர் ஆழ்மயக்கத்தில் இருக்கும்போது, அவரது வங்கிக் கணக்கில் இருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்கவும் மனைவிக்கு அதிகாரம் இல்லாமற் போகலாம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சொத்துப் பாதுகாவலரை நியமிக்கும் பிரிவு இல்லை. எனவே உயர்நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 226 ஆவது உறுப்பின் கீழ்ப் பாதுகாவலரை நியமித்து வருகின்றன. கேரள உயர்நீதிமன்றம் 2019 இல் இதற்கான நெறிமுறைகளை வகுத்தது. 2024 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆழ்மயக்கத்தில் இருந்த ஒருவரின் மனைவியை அவரது பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. உரிமையியல் நீதிமன்றத்தை நாடுமாறு கூறிய தனி நீதிபதியின் உத்தரவு அத்தீர்ப்பால் நீக்கப்பட்டது.

கவனக்குறைவை மெய்ப்பித்தல்

தீர்ப்பாய விசாரணை சுருக்கமுறை விசாரணையாகும். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று காட்டுவது போதும். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, விபத்து இட வரைபடம், வாகன ஆய்வாளரின் அறிக்கை, நேரில் கண்டவரின் சாட்சியம் ஆகியவை சான்றுகளாக ஏற்கப்படுகின்றன. மூளைக்காயமுற்றவருக்கு விபத்தைப் பற்றிய நினைவே இல்லாமல் இருப்பது இயல்பு. ஆதலால் நேரில் கண்ட சாட்சியின் பெயரும் முகவரியும் தொடக்கத்திலேயே குறித்து வைக்கப்படாவிடில் வழக்கு வலுவிழக்கும்.

பாதிக்கப்பட்டவரும் விபத்திற்குக் காரணமாக இருந்தால், அவரது பங்கிற்கேற்ப இழப்பீடு குறைக்கப்படும். தலைக்கவசம் அணியாமையைச் சுட்டிக்காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வாதத்தை எழுப்புவதுண்டு. ஒரு மோட்டார் சைக்கிளில் மூவர் பயணம் செய்த வழக்கில், நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்தது. அதில் 2020 சனவரியில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், விதிமீறல் ஒன்று மட்டுமே பங்களிப்புக் கவனக்குறைவாகிவிடாது. அம்மீறலுக்கும் விபத்திற்கும், அல்லது அம்மீறலுக்கும் காயத்திற்கும் இடையே காரணத் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்று கூறியது.

வாகனத்திற்குக் காப்பீடு இருந்து, ஓட்டுநருக்கு உரிய உரிமம் இல்லாதிருந்தால், பல வழக்குகளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் இருந்து வசூலித்துக்கொள்ளுமாறு ஆணையிடப்படுகிறது.

மருத்துவச் சான்றுகள்

மூளைக்காய வழக்கின் வெற்றி பெரிதும் மருத்துவ ஆவணங்களைச் சார்ந்துள்ளது. அவற்றுள் முக்கியமானவை:

- முதலில் சேர்க்கப்பட்ட மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். இதில் நினைவிழப்பு, வாந்தி, காதிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும்.
- சேர்க்கையின்போது பதிவான கிளாஸ்கோ அளவு.
- சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்களும் அறிக்கைகளும்.
- அறுவை சிகிச்சைக் குறிப்புகளும், மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையும்.
- மருந்து, ஆம்புலன்ஸ், இயன்முறை சிகிச்சை ஆகியவற்றின் இரசீதுகள்.
- நினைவாற்றல், கவனம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை அளவிடும் நரம்புசார் உளவியல் சோதனை அறிக்கை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) போன்ற நிறுவனங்களில் இச்சோதனைகள் செய்யப்படுகின்றன.
- மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ்.

ஸ்கேனில் தெரியாத குறைபாடுகளை எண்களால் காட்டுவது உளவியல் சோதனை அறிக்கையே. ஆயினும் இச்சோதனை செய்யப்படாமலேயே பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன. பாதிக்கப்பட்டவரின் முந்தைய கல்விச் சான்றுகள், சம்பளச் சீட்டுகள், பணிக்குத் திரும்பிய பின் வேலை இழந்ததற்கான கடிதங்கள் ஆகியவையும் முன்பிருந்த திறனுக்கும் இப்போதைய திறனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட உதவும்.

ஊன விழுக்காடும் வருவாய்த்திறன் இழப்பும்

ஊனச் சான்றிதழில் குறிக்கப்படும் விழுக்காடும், வருவாய் ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல. 2010 அக்டோபரில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியது. அதில் தரப்பட்ட எடுத்துக்காட்டின்படி, இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவரது வருவாய்த்திறன் ஏறத்தாழ முழுமையாக இழக்கப்படலாம். அவரே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் வேலை பறிபோகாமலும் இருக்கலாம். சிகிச்சை அளிக்காத மருத்துவர்கள் எளிதாக வழங்கும் சான்றிதழ்களை அப்படியே ஏற்கக் கூடாது என்றும், தேவைப்படின் மருத்துவக் குழுவிற்கு அனுப்பி அறிக்கை பெற வேண்டும் என்றும் அத்தீர்ப்பு தீர்ப்பாயங்களுக்கு அறிவுறுத்தியது.

மூளைக்காயத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. நினைவாற்றலில் ஏற்பட்ட குறைபாட்டிற்காக 40 விழுக்காடு எனச் சான்றளிக்கப்பட்ட ஒரு கணக்கர், கணக்கர் வேலையை அறவே செய்ய இயலாதவராக இருக்கலாம். வலிப்பு நோய் ஏற்பட்ட ஓட்டுநர் மீண்டும் வாகனம் ஓட்ட இயலாது. எனவே சான்றிதழின் விழுக்காட்டுடன் நின்றுவிடாமல், அக்குறைபாடு அக்குறிப்பிட்ட தொழிலை எவ்வாறு பாதிக்கிறது என்பதை மருத்துவர் சாட்சியத்தாலும், வேலை அளித்தவர் சாட்சியத்தாலும் நிறுவ வேண்டியுள்ளது.

இழப்பீட்டுத் தலைப்புகள்

காயத்திற்கான இழப்பீடு பொருள்சார்ந்தவை, பொருள்சாராதவை என இரு பெரும் பிரிவுகளில் கணக்கிடப்படுகிறது.

பொருள்சார்ந்தவை:

- சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றின் செலவு.
- சிகிச்சைக் காலத்தில் இழந்த வருவாய்.
- நிரந்தர ஊனத்தால் எதிர்காலத்தில் இழக்கும் வருவாய்.
- எதிர்கால மருத்துவச் செலவு.
- உதவியாளர் செலவு.

பொருள்சாராதவை:

- வலியும் வேதனையும்.
- வாழ்க்கை இன்பங்களின் இழப்பு, திருமண வாய்ப்பின் இழப்பு.
- ஆயுட்காலம் குறைதல்.

கணக்கிடும் முறை

எதிர்கால வருவாய் இழப்பு பெருக்கெண் முறையில் கணக்கிடப்படுகிறது. ஆண்டு வருவாயை வயதிற்குரிய எண்ணால் பெருக்குவதே இம்முறையாகும். டெல்லிப் போக்குவரத்துக் கழகம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில் 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் பின்வரும் பெருக்கெண்களை வகுத்தது:

- 15 முதல் 25 வயது வரை: 18
- 26 முதல் 30 வரை: 17
- 31 முதல் 35 வரை: 16
- 36 முதல் 40 வரை: 15
- 41 முதல் 45 வரை: 14
- 46 முதல் 50 வரை: 13
- 51 முதல் 55 வரை: 11
- 56 முதல் 60 வரை: 9
- 61 முதல் 65 வரை: 7
- 65 க்கு மேல்: 5

வருவாய் காலப்போக்கில் உயரக்கூடியது என்பதால் அதனுடன் ஒரு பகுதி கூட்டப்படுகிறது. 2017 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்கான அளவுகளை நிர்ணயித்தது. நிரந்தரப் பணியில் உள்ளவர்களுக்கு 40 வயதிற்குக் கீழ் 50 விழுக்காடும், 40 முதல் 50 வரை 30 விழுக்காடும், 50 முதல் 60 வரை 15 விழுக்காடும் கூட்டப்படும். சுயதொழில் செய்வோருக்கும் நிலையான சம்பளம் பெறுவோருக்கும் இவ்வளவுகள் முறையே 40, 25, 10 விழுக்காடு ஆகும். அவ்வழக்கு இறப்பு தொடர்பானது எனினும், நிரந்தர ஊன வழக்குகளிலும் இவ்வாறு கூட்ட வேண்டும் என 2020 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இறப்பு வழக்குகளில் செய்வதைப் போலச் சொந்தச் செலவிற்கெனக் காய வழக்குகளில் கழிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, மாதம் 20,000 ரூபாய் ஈட்டிய, சுயதொழில் செய்யும் 28 வயதுடைய ஒருவரைக் கொள்வோம். 40 விழுக்காடு கூட்டினால் மாத வருவாய் 28,000 ரூபாய். ஆண்டிற்கு 3,36,000 ரூபாய். இதனை 17 ஆல் பெருக்கினால் 57,12,000 ரூபாய் கிடைக்கிறது. வருவாய்த்திறன் முழுமையாக இழக்கப்பட்டதாகத் தீர்ப்பாயம் ஏற்றால் இம்முழுத்தொகையும் வழங்கப்படும். சான்றிதழில் உள்ள 40 விழுக்காட்டை மட்டுமே ஏற்றால் 22,84,800 ரூபாயே கிடைக்கும். தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில், ஊனத்தின் ஒவ்வொரு விழுக்காட்டிற்கும் குறிப்பிட்ட தொகை வழங்கும் வழக்கமும் உண்டு. இது வருவாய்த்திறனைப் பாதிக்காத காயங்களுக்குப் பொருந்துவதாகும். விழுக்காட்டிற்கு 3,000 ரூபாய் எனக் கொண்டால் அதே நபருக்குக் கிடைப்பது 1,20,000 ரூபாய் மட்டுமே. ஒரே காயம் எவ்வாறு நிறுவப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தொகை இவ்வளவு வேறுபடுகிறது.

2020 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

மூளைக்காய இழப்பீட்டில் 2020 பிப்ரவரி 5 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 2007 அக்டோபரில் அரியானாவில், பெற்றோருடன் டிராக்டரில் சென்ற 12 வயதுச் சிறுமி லாரி மோதித் தலையில் கடுங்காயமுற்றார். அவரது அறிவுத்திறன் அவ்வயதினருக்குரிய அளவில் 20 விழுக்காட்டிற்கும் குறைவு என்றும், சமூக வளர்ச்சி 9 மாதக் குழந்தையின் நிலையில் உள்ளது என்றும் மருத்துவர்கள் மதிப்பிட்டனர்.

தீர்ப்பாயம் 11,08,501 ரூபாய் வழங்கியது. பஞ்சாப் மற்றும் அரியானா உயர்நீதிமன்றம் அதனை 25,78,501 ரூபாயாக உயர்த்தியது. சிறுமிக்கு வருவாய் இல்லை என்பதால் ஆண்டிற்கு 15,000 ரூபாய் என்னும் கற்பனை வருவாயே அதுவரை கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. உச்சநீதிமன்றம் இதனை ஏற்காமல், அரியானாவில் அக்காலத்தில் திறன்பெற்ற தொழிலாளிக்குரிய குறைந்தபட்ச ஊதியமான மாதம் 4,846 ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, அதனுடன் 40 விழுக்காடு கூட்டியது. நாள் முழுவதும் கவனிப்புத் தேவை என்பதால் இரு உதவியாளர்களுக்கு மாதம் தலா 5,000 ரூபாய் வீதம் கணக்கிட்டு, அதற்கும் பெருக்கெண் 18 ஐப் பயன்படுத்தியது. வழங்கப்பட்ட தொகை வருமாறு:

- சிகிச்சைச் செலவு: 2,50,000 ரூபாய்
- சிகிச்சைக் கால வருவாய் இழப்பு: 51,000 ரூபாய்
- எதிர்கால வருவாய் இழப்பு: 14,66,000 ரூபாய்
- உதவியாளர் செலவு: 21,60,000 ரூபாய்
- வலி, வேதனை, வாழ்க்கை இன்ப இழப்பு: 15,00,000 ரூபாய்
- திருமண வாய்ப்பு இழப்பு: 3,00,000 ரூபாய்
- எதிர்கால மருத்துவச் செலவு: 5,00,000 ரூபாய்
- மொத்தம்: 62,27,000 ரூபாய்

இத்துடன் ஆண்டிற்கு 7.5 விழுக்காடு வட்டியும் வழங்கப்பட்டது. மிகப்பெரிய பகுதி உதவியாளர் செலவிற்கு ஒதுக்கப்பட்டது இத்தீர்ப்பின் சிறப்பாகும். வீட்டில் தாயோ மனைவியோ இரவும் பகலும் செய்யும் பணி பொதுவாக எவ்வழக்கிலும் மிகக் குறைவாகவே மதிப்பிடப்பட்டு வந்தது. எனினும் விபத்திற்கும் இறுதித் தீர்ப்பிற்கும் இடையே 12 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

ஒரே முறை நிர்ணயம்

இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்ட பின்னர், உடல்நிலை மோசமடைந்தது எனக் கூறி அதே விபத்திற்கு மீண்டும் இழப்பீடு கோர மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. 2002 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இதனைச் சுட்டிக்காட்டி, எதிர்கால மருத்துவச் செலவையும் அத்தீர்ப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று கூறியது. மனுவில் கோரப்பட்ட தொகையைவிடக் கூடுதலாகவும் தீர்ப்பாயம் வழங்கலாம் என்றும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது.

ஆகவே பின்னாளில் தோன்றக்கூடிய வலிப்பு, மண்டையோட்டு எலும்பை மீண்டும் பொருத்தும் அறுவை சிகிச்சை, வாழ்நாள் மருந்துகள், பெற்றோரின் காலத்திற்குப் பின் தேவைப்படும் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றி மருத்துவரின் கருத்து விசாரணையின்போதே பதிவு செய்யப்பட வேண்டும். பதிவாகாத தேவைக்குப் பின்னர் ஈடு கிடைப்பதில்லை.

சமரசமும் மேல்முறையீடும்

மக்கள் நீதிமன்றங்களில் பல வழக்குகள் சமரசமாக முடிக்கப்படுகின்றன. இவை விரைவானவை, ஆனால் அங்கு எட்டப்பட்ட முடிவிற்கு எதிராக மேல்முறையீடு இல்லை. மூளைக்காயத்தின் அளவு தெளிவாகும் முன்னர்ச் செய்துகொள்ளும் சமரசம் குடும்பத்திற்குப் பேரிழப்பாக முடியலாம். மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உதவி பெறத் தகுதியுடையவர்கள்.

தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு வழங்கப்பட்ட 30 நாட்களுக்குள் தொகை செலுத்தப்பட வேண்டும். செலுத்தப்படாவிடில் நிலவரி நிலுவையைப் போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கச் சட்டம் வழி செய்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாதிக்கப்பட்டவர் இறந்தால், இறப்பிற்கும் காயத்திற்கும் தொடர்பு இல்லாவிட்டாலும், கோரும் உரிமை அவரது சட்டப்படியான வாரிசுகளைச் சேரும். இது 2019 திருத்தத்தால் ஏற்பட்ட மாற்றமாகும்.

தொகையைப் பாதுகாத்தல்

பெருந்தொகை ஒரே நேரத்தில் கைக்கு வரும்போது அது வீணாகவோ, பிறரால் கவரப்படவோ கூடும். கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1990களின் தொடக்கத்தில் உச்சநீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின்படி சிறுவர்களுக்கும் தம் நலனைக் காக்க இயலாதவர்களுக்கும் உரிய தொகை வங்கியில் நிலைவைப்பாக இடப்பட்டு, வட்டி மட்டும் பராமரிப்பிற்கு வழங்கப்படும். மருத்துவத் தேவைக்குத் தீர்ப்பாயத்தின் அனுமதியுடன் அசலில் இருந்தும் எடுக்கலாம். இந்நெறிமுறைகளை எல்லா வழக்குகளிலும் இயந்திரத்தனமாகப் பின்பற்றக் கூடாது என 2012 இல் உச்சநீதிமன்றம் கூறியது.

உடனடி சிகிச்சை உதவி

இழப்பீடு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், முதல் நாட்களின் சிகிச்சைக்கு அரசுத் திட்டங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை உள்ளடக்கியது. 2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தின்படி, விபத்து நாளில் இருந்து 7 நாட்கள் வரை 1.5 இலட்சம் ரூபாய் அளவிற்குச் சிகிச்சை பெறலாம்.

இவற்றையும் பார்க்க

- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- மூளைக்காயம்
- கிளாஸ்கோ ஆழ்மயக்க அளவுகோல்
- மூன்றாம் நபர் காப்பீடு
- மக்கள் நீதிமன்றம்
- தலைக்கவசம்